பேஸ்மேக்கர் ஒயரின் நுனி எங்கே இருக்கிறது, அதற்கு என்ன கேட்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு முதல் செக்கப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரியைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை வருஷம் ஓடும், எப்போது மாற்ற வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் பரிசோதனை அறையில் என் நேரத்தில் பெரும்பகுதி வேறொன்றில் போகிறது. ஒயரின் நுனிக்கு இதயத்தின் சிக்னல் சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதில். நெஞ்சில் இருக்கும் பெட்டி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், இதயத்தைப் பற்றி அதற்குத் தெரிவதெல்லாம் அந்த நுனியின் வழியாக வருவது மட்டுமே. நுனி உட்கார்ந்த இடம்தான் அதன் உலகம். இத்தனை ஆண்டுகளில் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேஸ்மேக்கர் என்றால் இதயத்தை அடிக்க வைக்கும் கருவிதானே? அது எதைக் கேட்க வேண்டும்?

ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில், ஸ்டாக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் பேஸ்மேக்கர் உடலுக்குள் பொருத்தப்பட்டது. பொருத்தியவர் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். சில மணி நேரத்திலேயே அது நின்றுபோய், வேறொன்று வைத்தார்கள். லார்சன் அதன் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்தார்; அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டார். அந்த முதல் கருவிக்குக் காது கிடையாது. இதயம் தானாகத் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் ஒரே வேகத்தில் மின்னடி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு துடிப்பு முடிந்து தசை இளைப்பாறும் நேரத்தில், ஈசிஜியில் 'டி' அலை வரும் இடத்தில், மின்னடி விழுந்தால் அரிதாக இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடலாம். அதனால்தான் 1960-களில் பரூக் பெர்கோவிட்ஸ் போன்ற பொறியாளர்கள், தேவைப்பட்டால் மட்டும் அடிக்கும் பேஸ்மேக்கரை உருவாக்கினார்கள். இன்று வைக்கப்படுவதெல்லாம் அந்த வகைதான். நிமிடத்துக்கு 60 என்று வைத்திருந்தால், ஒரு துடிப்புக்குப் பிறகு ஒரு வினாடி காத்திருக்கும். அதற்குள் இதயம் தானாகத் துடித்தால் பேசாமல் இருக்கும். துடிக்கவில்லை என்றால் ஓர் அடி கொடுக்கும்.

ஆக, பெட்டி செய்யக்கூடிய தவறு இரண்டு. துடிப்பு வந்தும் காதில் விழாமல் போவது ஒன்று, துடிப்பு அல்லாத எதையோ துடிப்பு என்று எண்ணிக்கொள்வது இன்னொன்று. முதல் தவறில் தேவையில்லாத அடி விழும். இரண்டாவதில் தேவையான அடி விழாது. சொந்தத் துடிப்பு ஏறக்குறைய இல்லாமல், பேஸ்மேக்கரையே முழுக்க நம்பியிருப்பவருக்கு இரண்டாவதுதான் பயங்கரம். பெட்டி சும்மா இருக்கும் அந்தச் சில வினாடிகளில் அவர் மயங்கி விழுந்துவிடுவார்.

நெஞ்சின் மேல் எடுக்கும் ஈசிஜியும் ஒயர் கேட்பதும் ஒன்றுதானா?

மூலம் ஒன்றுதான், கேட்கும் இடம் வேறு. மார்பின் மேல் ஒட்டும் பட்டைகளுக்கு சிக்னல் நுரையீரல், எலும்பு, கொழுப்பு, தோல் எல்லாவற்றையும் தாண்டி வருகிறது. வந்து சேரும்போது அதன் அளவு ஒரு மில்லிவோல்ட்டைச் சுற்றித்தான் இருக்கும். அதே துடிப்பை இதயத் தசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயர் நுனி 10 மில்லிவோல்ட் அளவில் கேட்கிறது. ஆனால் ஈசிஜி முழு இதயத்தையும் பார்க்கிறது. ஒயருக்கோ தன் பக்கத்துத் தசைதான் தெரியும்.

கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தவில் நம் வாசலைக் கடக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சுள்ளென்று கேட்கும். அடுத்த தெருவில் போகும்போது சத்தம் குறைவது மட்டுமல்ல, அடிகள் மழுங்கி 'தொம்' என்று ஒரு முழக்கமாகத்தான் வரும். ஒயரின் நுனிக்கும் அப்படியே. மின் அலை நுனிக்கு நேர் கீழே ஓடும்போது சிக்னல் செங்குத்தாக ஏறி இறங்கும். தொலைவில் ஓடும் அலை தாழ்வாக, சாய்வாக வரும். அதனால் சிக்னலின் உயரம் மட்டும் போதாது, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் முக்கியம். இந்த வேகத்தை 'ஸ்லூ ரேட்' என்பார்கள். பெட்டிக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. மெதுவாக ஏறி இறங்கும் 'டி' அலையையும், மிக வேகமாக நடுங்கும் மார்புத் தசையின் சிக்னலையும் அது குறைத்துவிட்டு, நடுவில் இருப்பதை விடும். உயரமாக இருந்தும் மழுங்கலாக வரும் சிக்னல் இந்த வடிகட்டியில் தேய்ந்து போகும்.

ரிப்போர்ட்டில் 'ஆர் வேவ் 11.2', 'பி வேவ் 2.4', 'சென்சிட்டிவிட்டி 2.0' என்றெல்லாம் இருக்கிறதே?

'ஆர்' என்பது இதயத்தின் கீழறைத் துடிப்பின் சிக்னல், 'பி' என்பது மேலறையினுடையது. இரண்டும் மில்லிவோல்ட்டில். பொருத்தும் நாளில் கீழறையில் 5-க்கு மேலும், மேலறையில் 1.5 முதல் 2-க்கு மேலும் கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்வது வழக்கம். மேலறைச் சுவர் மெல்லியது, தசை குறைவு, அதனால்தான் அங்கே எண் சிறியது. உங்களுக்கு பி வேவ் 2.4 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

சென்சிட்டிவிட்டி என்பது நாங்கள் வைக்கும் அளவு. வீட்டு வாசல்படி மாதிரி. படியைவிட உயரமாக வரும் மழைத்தண்ணீர்தான் வீட்டுக்குள் வரும். 2.0 என்று வைத்தால், 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் வருவது மட்டும் துடிப்பாகக் கணக்கில் சேரும். எண்ணைக் கூட்டினால் பெட்டிக்குக் காது மந்தம், குறைத்தால் காது கூர்மை. இந்தத் தலைகீழ் கணக்கு புதிதாக வேலைக்கு வருகிறவர்களையும் குழப்பும். கீழறைக்கு சுமார் 2, மேலறைக்கு சுமார் 0.5 என்பது பொதுவான தொடக்கம். இப்போது பல கருவிகள் துடிப்புக்குத் துடிப்பு இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. சிக்னலின் உயரம் படியைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் பார்க்கும் பாதுகாப்பு இடைவெளி. ஒயர் நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் படியைத் தாழ்த்த வேண்டி வரும், தாழ்த்தினால் வேண்டாததும் சேர்ந்து உள்ளே வரும்.

கீழறையில் ஒயரை எங்கே வைத்தால் நன்றாகக் கேட்கும்?

கேட்பதற்கு மட்டும் என்றால் வலது கீழறையின் அடிமுனை மிக வசதியான இடம். அங்கே தசை நார்கள் வலைபோலப் பின்னியிருக்கும். கொக்கி வைத்த ஒயர் சுலபமாக மாட்டிக்கொள்ளும், ஆடாது. சிக்னலும் பெரிது. மேலறையிலிருந்து தூரம் என்பதால் மேலறையின் சிக்னல் அங்கே கேட்பதில்லை. நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் 1958-இல் ரத்தக்குழாய் (சிரை) வழியாக ஒயரைச் செலுத்திக் காட்டிய பிறகு பல பத்தாண்டுகள் இந்த இடம்தான் வழக்கமாக இருந்தது.

குறை வேறு பக்கத்தில் இருக்கிறது. அடிமுனையிலிருந்து அடித்தால் துடிப்பு இயற்கையான வழியில் பரவாமல், தசை வழியாக மெதுவாக ஊர்ந்து போகும். இடது கீழறையின் இரு சுவர்களும் ஒன்றுசேர்ந்து சுருங்காது. நாளின் பெரும்பகுதி இப்படி அடிபடும் சிலருக்கு ஆண்டுகள் போகப்போக இதயத்தின் பம்ப் வலிமை குறைகிறது. 2002-இல் வெளியான 'டேவிட்' என்ற ஆய்வு இதை எல்லோர் கவனத்துக்கும் கொண்டுவந்தது. அதன் பிறகுதான், தேவையில்லாமல் கீழறையில் அடிக்காதே, அடித்தே தீர வேண்டுமென்றால் நல்ல இடத்தில் அடி என்ற சிந்தனை வலுத்தது.

அதனால் பலர் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவருக்குப் போனார்கள். அது வழவழப்பாக இருக்கும் இடம். கொக்கி பிடிக்காது, திருகு நுனி வைத்த ஒயர் வேண்டும். சிக்னல் அளவு பெரும்பாலும் அடிமுனைக்குச் சமமாகவே கிடைக்கும். ஆனால் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வை நோக்கி மேலே போகப் போக கவனம் தேவை. வால்வின் வாசலில் நுனி நின்றால் கீழறையின் சிக்னல் சிறுக்கும், மேலறையின் சிக்னலும் சேர்ந்து கேட்கும்.

தழும்பு விழுந்த இடத்தையும் தவிர்க்க வேண்டும். பழைய மாரடைப்பில் இறந்த தசைக்கு மின்சாரம் கிடையாது. அதன் மேல் எவ்வளவு அழகாக ஒயரை நிறுத்தினாலும் காதில் விழ ஒன்றும் இருக்காது.

ஹிஸ் பண்டிலில், இடது பண்டிலில் வைப்பது என்று இப்போது சொல்கிறார்களே, அங்கே எப்படிக் கேட்கும்?

இதுதான் இந்தத் துறையில் இன்று எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் இயற்கையான கம்பிதான் ஹிஸ் பண்டில். அதிலேயே அடித்தால் துடிப்பு இயற்கையான வழியில் பரவும். 2000-இல் அமெரிக்காவில் பிரமோத் தேஷ்முக் குழுவினர் நிரந்தர பேஸ்மேக்கரில் இதைச் செய்து வெளியிட்டார்கள். இதயத்தின் இயக்கத்துக்கு அற்புதமான இடம். கேட்பதற்கு அவ்வளவு நல்ல இடம் அல்ல. ஹிஸ் பண்டில் இருப்பது மூவிதழ் வால்வின் ஓரத்தில், மேலறையும் கீழறையும் சந்திக்கும் எல்லையில். அங்கே கீழறைத் தசை நுனிக்கு அருகில் அதிகம் இல்லை, அதனால் ஆர் வேவ் 2, 3 மில்லிவோல்ட் என்று சிறியதாகவே கிடைப்பது சகஜம். அதே நேரம் மேலறையின் சிக்னலும் காதில் விழுகிறது. கீழறைத் துடிப்பைப் பிடிக்கப் படியைத் தாழ்த்தினால், மேலறையின் சத்தத்தைக் கீழறைத் துடிப்பு என்று எண்ணிப் பெட்டி சும்மா இருந்துவிடும் அபாயம். உயர்த்தினால் உண்மையான துடிப்பை விட்டுவிடும். மேலறையின் மின்சாரம் கீழறைக்குப் போகவே முடியாத முழு அடைப்பு உள்ளவர்களுக்குச் சில மருத்துவர்கள் துணைக்கு இன்னொரு ஒயரைக் கீழறையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2017-இல் சீனாவின் வென்ஜோ நகரைச் சேர்ந்த ஹுவாங் வெய்ஜியான் குழு இன்னும் சற்றுக் கீழே போனது. வலது பக்கத்திலிருந்து நடுச்சுவருக்குள் ஒயரைத் திருகித் திருகி, சுவரின் இடது பக்கத் தோல் வரை கொண்டுபோய், ஹிஸ் பண்டிலிலிருந்து இடது கீழறைக்குப் பிரியும் கிளையான இடது பண்டிலைப் பிடித்தார்கள். இங்கே நுனியைச் சுற்றி நாலாபுறமும் கீழறைத் தசை. மேலறையும் தூரம். அதனால் ஆர் வேவ் பலருக்கு 10 மில்லிவோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ கிடைக்கிறது, அடிக்கத் தேவையான வோல்ட்டேஜும் குறைவாக இருக்கிறது. பென்சில்வேனியாவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன் போன்றவர்களின் ஆய்வுகளால் இந்த முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. சில சென்டிமீட்டர் இடம் மாறியதில் சிக்னல் கேட்பதில் இத்தனை வித்தியாசம்.

ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு இடது அறைக்குள் எட்டிப்பார்த்துவிடாமல் நிறுத்துவதுதான் இதில் நுணுக்கம். திருகும்போதே சிக்னலும் ஒயரின் மின்தடையும் சட்டென்று விழுந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம், பின்வாங்கி வேறு இடம் பார்ப்பார்கள்.

மேலறை ஒயர் கீழறையின் சத்தத்தைக் கேட்கிறது என்றார்கள். அப்படி நடக்குமா?

நடக்கும். மேலறையின் சொந்த சிக்னல் 2, 3 மில்லிவோல்ட். பக்கத்தில் இருக்கும் கீழறையோ பெரிய தசை, அதன் முழக்கம் சுவரைத் தாண்டி வரும். அடுத்த தெருத் தவில் நம் வீட்டு ரேடியோவை அமுக்குவது போல.

ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், மிரண்டுபோய் வந்தார். அவருடைய ரிப்போர்ட்டில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்', அதாவது மேலறை தாறுமாறாகத் துடிப்பது, நூற்றுக்கணக்கான தடவை வந்ததாகப் பெட்டி பதிந்திருந்தது. பக்கவாதம் வராமலிருக்க ரத்தம் உறையாத மாத்திரை தொடங்க வேண்டுமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி சேமித்து வைத்திருந்த உள்சிக்னலைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலறைச் சேனலில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு குறிகள். ஒன்று கூர்மையான பி வேவ். அதன்பின், கீழறை துடிக்கும் அதே கணத்தில், மழுங்கலாக இன்னொன்று. பெட்டி இரண்டையும் எண்ணி, மேலறை இரட்டை வேகத்தில் ஓடுவதாக முடிவு கட்டியிருந்தது. அவருக்கு அந்த நோயே இல்லை. கீழறைத் துடிப்புக்குப் பின் மேலறைக் காது மூடியிருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, படியைச் சற்று உயர்த்தியதும் பதிவுகள் நின்றன. அவர் முகத்தில் அன்று பார்த்த நிம்மதியை நான் மறக்கவில்லை. பெட்டி சொன்னதை அப்படியே நம்பாமல், சிக்னலைக் கண்ணால் பார்த்த பிறகே மாத்திரையை முடிவு செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இதில் ஒயரின் இடத்துக்குப் பங்கு உண்டு. மேலறையின் காதுமடல் போன்ற பை வழக்கமான இடம். 'ஜே' எழுத்து போல வளைந்த ஒயர் அங்கே மாட்டிக்கொள்ளும். பைபாஸ் போன்ற திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்தப் பை வெட்டுப்பட்டோ தழும்பேறியோ இருக்கலாம், அப்போது பக்கச் சுவரில் திருகி வைப்பார்கள். பக்கச் சுவர் கீழறையிலிருந்து விலகி இருப்பதால் இந்த அந்நிய முழக்கம் குறைவு. ஆனால் உதரவிதானத்துக்குப் போகும் வலது நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது. அடிக்கும்போது அந்த நரம்பும் தூண்டப்பட்டால் விக்கல் மாதிரி வயிறு துள்ளும். அதனால் வோல்ட்டேஜைக் கூட்டி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அங்கே நிறுத்துவார்கள். மேலறை நடுச்சுவரின் கீழ்ப்பகுதியில், வால்வுக்கு அருகில் வைத்தால் கீழறையின் முழக்கம் கூடுதலாகக் கேட்கும்.

நுனிக்கும் அதன் பின்னாலுள்ள வளையத்துக்கும் இடைவெளி குறைவான ஒயர்கள் இதற்கு நல்ல உதவி. இரண்டும் நெருங்கியிருந்தால் தொலைவிலிருந்து வரும் அலை இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தொடும், இரண்டுக்கும் இடையே பெட்டி அளக்கும் வித்தியாசம் சிறியதாகிவிடும். பக்கத்து அலை மட்டும் தெளிவாக நிற்கும்.

ஆபரேஷன் மேஜையில் மருத்துவர் எப்படி இடத்தை முடிவு செய்கிறார்?

எக்ஸ்ரே திரையில் நுனியைப் பார்த்து ஓர் இடத்தில் வைப்பார். உடனே ஒயரின் மறுமுனையை அளவுக் கருவியில் மாட்டி மூன்றைப் பார்ப்போம்: சிக்னலின் உயரம், இதயத்தைத் துடிக்க வைக்கக் குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் தேவை, ஒயரின் மின்தடை. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் திருகைக் கழற்றி இடம் மாற்றுவார். ஐந்தாறு இடம் பார்த்தும் திருப்தியாகாமல் ஏழாவது இடத்தில் நிறுத்திய நாட்கள் உண்டு. வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு நேரம் நீளுகிறதே என்று பதற்றமாக இருக்கும். அந்த நேரம் வீண் போவதில்லை.

திருகு பதிந்தவுடன் எண்கள் சற்று மோசமாகக் காட்டும். திருகு தசையைக் காயப்படுத்துவதால் சிக்னலில் ஒரு மேடு தெரியும், 'காயத்தின் மின்னோட்டம்' என்பார்கள். அந்த மேடு தெரிந்தால் திருகு தசையில் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், நல்ல சகுனம். ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் எண்கள் தேறும். அப்புறம் நோயாளியை ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் சொல்வோம். அப்போதும் சிக்னல் ஆடாமல் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு எண்கள் மாறுமா? கையைத் தூக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்?

முதல் சில வாரங்களில் நுனியைச் சுற்றிச் சிறிது வீக்கம் வரும். சிக்னல் கொஞ்சம் இறங்கும், தேவையான வோல்ட் ஏறும், பிறகு நார்த்திசு வளர்ந்து நிலைக்கு வந்துவிடும். இப்போதைய ஒயர்களின் நுனியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சிறிதளவு வைத்திருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் முன்பைவிட மிகக் குறைவு.

ஒயர் இடம் நழுவுவதும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான், நார்த்திசு இன்னும் பிடிக்காத காலத்தில். அதனால்தான் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், கனமான குடத்தைத் தூக்க வேண்டாம் என்கிறோம். ஆனால் கையை அசைக்கவே பயந்து கட்டிவைத்துக்கொண்டால் தோள் இறுகிப்போகும். தோளுக்குக் கீழே தாராளமாக அசையுங்கள். கீழறை ஒயரைவிட மேலறை ஒயர்தான் அதிகம் நழுவும். மேலறையிலிருந்து நழுவிக் கீழறைக்குள் விழுந்த ஒயர், மேலறைச் சேனலில் கீழறைத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

இன்னொன்று, தோலுக்கு அடியில் பெட்டி இருக்கிறதே என்று சிலர் அதை விரலால் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். உருட்ட உருட்ட ஒயர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, நுனி இதயத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதற்குத் தனிப் பெயரே உண்டு, 'ட்விட்லர் சிண்ட்ரோம்'. பெரியவர்கள் யாராவது மறதியில் இப்படிச் செய்தால் வீட்டில் உள்ளவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஈசிஜியில் துடிப்பின் மேலேயே பேஸ்மேக்கர் கோடு விழுகிறது. கருவி பழுதா?

எல்லா நேரமும் அப்படி இல்லை. இது அநாவசியப் பீதியைக் கிளப்பும் ஒரு விஷயம். வலது பண்டில் அடைப்பு (வலது கீழறைக்குப் போகும் மின்வழியில் தடை) உள்ள ஒருவருக்குத் துடிப்பு இடது கீழறையில் முதலில் தொடங்கி, கடைசியில்தான் வலது கீழறைக்கு வந்து சேரும். ஒயர் இருப்பதோ வலதில். மார்பின் மேல் ஈசிஜி துடிப்பு தொடங்கிவிட்டதைக் காட்டும்போது, அலை இன்னும் ஒயரின் நுனிக்கு வந்திருக்காது. பெட்டி காத்திருக்கும் நேரம் அதற்குள் முடிந்துவிட்டால் அடித்துவிடும். அதன் காதில் எந்தக் குறையும் இல்லை. துடிப்பு வந்து வெகுநேரம் கழித்து, 'டி' அலையின் மேல் கோடு விழுந்தால்தான் உண்மையாகவே கேட்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரே இடத்தில் இருக்கும் ஒயர் சில துடிப்புகளை மட்டும் எப்படித் தவறவிடும்?

அலை வரும் திசையால். நுனியிலிருந்து வளையத்தை நோக்கி அலை ஓடினால் முதலில் ஒன்று, பிறகு மற்றது தொடப்பட்டு வித்தியாசம் பெரிதாகத் தெரியும். குறுக்கே வந்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் வித்தியாசம் கழிந்துபோகும். வழக்கமான துடிப்பு 12 மில்லிவோல்ட்டாகக் கேட்கும் ஒயருக்கு, வேறொரு மூலையிலிருந்து கிளம்பும் கூடுதல் துடிப்பு 4-ஆகக் கேட்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறை அலைகள் ஒழுங்கில்லாமல் சிறுத்துப்போவதும் இதே கணக்குத்தான். அவற்றைப் பிடிக்கத்தான் மேலறைப் படியை அவ்வளவு தாழ்வாக வைக்கிறோம். ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் ஏறினாலும் சிக்னல் கெடும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதை நினைவில் வைக்க வேண்டும்.

கையை அழுத்தினால், செல்போன் பேசினால் ஏதாவது ஆகுமா?

ஒயர் எந்த முறையில் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே கேட்பது பைபோலார். நுனிக்கும் நெஞ்சிலுள்ள பெட்டிக்கும் இடையே கேட்பது யூனிபோலார். இரண்டாவதில் காது இதயத்திலிருந்து தோள் வரை விரிந்துவிடுகிறது. மார்புத் தசை இறுகினால் அந்தச் சிக்னலும் சேர்ந்து வரும். அதனால்தான் செக்கப்பில் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தச் சொல்லிப் பார்க்கிறோம். பைபோலாரில் இந்தத் தொல்லை அரிது.

செல்போனைச் சட்டைப் பையில் பெட்டிக்கு மேல் வைக்காமல், 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், பெட்டிக்கு எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஆர்க் வெல்டிங் தொழில் செய்கிறவர்கள் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் எப்படிக் கேட்கிறது?

கேப்ஸ்யூல் மாத்திரை அளவில், சுமார் 2 கிராம் எடையில் ஒரு கருவி நேராக வலது கீழறைக்குள் மாட்டப்படுகிறது. மைக்ரா என்பது அதில் பரவலாகத் தெரிந்த பெயர். அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. காதும் வாயும் பேட்டரியும் எல்லாம் அதற்குள்ளேயே. மேலறையில் ஒயர் இல்லாததால் மேலறைத் துடிப்பை அது மின்சாரமாகக் கேட்க முடியாது. 2020-இல் வந்த அடுத்த வடிவம் இதற்கு ஒரு வழி கண்டது. மேலறை சுருங்கும்போது ரத்தம் கீழறைக்குள் தள்ளப்படும் அசைவை, உள்ளே இருக்கும் அசைவுமானி கண்டுபிடிக்கிறது. மின்சாரத்தைக் கேட்காமல் அதிர்வை உணர்ந்து மேலறையைப் பின்தொடரும் கருவி! ஆனால் வேகமாக நடக்கும்போதோ இதயம் வேகமாகத் துடிக்கும்போதோ அதற்கு மேலறையைப் பிரித்தறிவது சிரமமாகும். 2023-இல் மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரண்டு சிறு கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

சென்சிங் (சிக்னலைக் கேட்பது) சரியில்லை என்றால் மறுபடியும் ஆபரேஷன்தானா?

முதலில் புரோகிராமர் என்ற வெளிக்கருவி மூலமாகவே பலதும் முடியும். படியை மாற்றலாம், பைபோலாரிலிருந்து யூனிபோலாருக்கோ மறுபடியும் திரும்பவோ மாற்றலாம், காது மூடியிருக்கும் நேரத்தை மாற்றலாம். வலி இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆகிவிடும். ஒயர் இடம் நழுவியிருந்தாலோ, கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கி உடைந்திருந்தாலோதான் திரும்பத் திறக்க வேண்டும். உடைந்த கம்பி மின்தடையைத் திடீரென்று ஏற்றும், உறை கிழிந்தால் மின்தடை குறையும். உடைந்த இரு முனைகள் உரசும் சத்தத்தைப் பெட்டி துடிப்பென்று எண்ணிக்கொள்வதும் உண்டு. அந்த நிலையைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது உடனே வர வேண்டும்? வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது, பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன் இருந்த அதே தலைசுற்றல் மறுபடியும் வருவது, நிற்காத விக்கல் அல்லது வயிற்றில் துள்ளல், பெட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு, சீழ், வீக்கம். இவற்றில் எதற்கும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். மயங்கி விழுந்தவரை நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

பேஸ்மேக்கர் அட்டையோடு, பொருத்திய நாளின் அளவுகள் எழுதிய தாளையும் கொண்டுவாருங்கள்; வீடு திரும்பும்போது கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டியது அது. இன்று ஆர் வேவ் 5 என்று இருந்தால் அது நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. அன்றும் 5 என்றால் சரி, ஒயர் அங்கேயேதான் இருக்கிறது. அன்று 14 என்றால் எக்ஸ்ரே எடுத்து நுனியைத் தேட வேண்டும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க, பொருத்திய மறுநாள் முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு எக்ஸ்ரே படங்களும் கையில் இருந்தால் வேலை பாதி முடிந்தது.